டெல்ஃப்ட் துணி வணிகரும் விதைநெல்லும்

2014 ஜனவரியில் ஒரு காலை. வெளியே மைனஸ் இரண்டு டிகிரி. பனியனுக்கும் தோலுக்கும் நடுவில் மூடியிட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி ஒன்றைச் செருகி, அது நழுவிவிடாதபடி இடது கையால் அணைத்துக்கொண்டு, ரைஸ்வைக்கிலிருந்து மருத்துவமனைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், குளிர்ந்துவிடக் கூடாது, உடல் சூட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆய்வகம் தந்த தாளில் எழுதியிருந்தது. குப்பியின் மேல் என் பெயர், பிறந்த தேதி, எடுத்த நேரம் 7.40. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதை வாங்கி, நேரத்தைச் சரிபார்த்து, "அவ்வளவுதான், நீங்கள் போகலாம்" என்றாள். வீட்டிலிருந்து கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த அரை மணி நேரத்தை நான் நான்கு வருடங்கள் தள்ளிப்போட்டிருந்தேன்.

அந்த நான்கு வருடங்களில் என் மனைவி எத்தனை முறை ரத்தம் கொடுத்தாள் என்று எனக்குக் கணக்கில்லை. மாதத்தின் குறிப்பிட்ட நாள்களில் ஸ்கேன். கருக்குழாய்க்குள் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று, அன்று அவள் வலியில் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது. விடுமுறைக்குப் போனபோது சென்னையில் வயிற்றில் துளையிட்டு உள்ளே பார்த்தார்கள். இவை போக சஷ்டி விரதம், அரசமரம், திருக்கருகாவூர் நெய். குருக்கள் இருவரையும்தான் சாப்பிடச் சொன்னாராம். எனக்கு நெய் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தெட்டு நாளும் அவள் மட்டும் சாப்பிட்டாள். "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று பெரியம்மா போனில் சொல்லும்போதெல்லாம் எல்லோருடைய கவனமும் அகப்பை மீதுதான் இருந்தது. மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. விதைநெல்லை ஈரச் சாக்கில் கட்டி முளைப்பு பார்க்காமல் என் தாத்தா ஒரு வருடம்கூட நாற்றங்கால் போட்டதில்லை. அந்த வீட்டிலிருந்து வந்த நான் நிலத்தை மட்டும் நான்கு வருடம் சோதிக்க விட்டேன்.

கேட்டவர்களுக்கு "ஆபீஸில் வேலை அதிகம்" என்றேன். உண்மையான காரணம் பயம். என்ன பயம் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அந்தப் பயத்தின் வேரைத் தேடித்தான் பிறகு படிக்க ஆரம்பித்தேன். தேடல் என்னை நான் ஏற்கனவே குடியிருந்த ஒரு தெருவுக்கே கொண்டுபோய் விட்டது.

*

2003 முதல் 2005 வரை டெல்ஃப்ட் நகரில் முதுகலை படித்தேன். அங்கே ஔட கெர்க், அதாவது பழைய தேவாலயம், கால்வாய் ஓரத்தில் சாய்ந்த கோபுரத்தோடு நிற்கும். அதைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் வகுப்புக்குப் போவேன். ஓவியர் வெர்மீரின் கல்லறை அங்கே இருக்கிறது என்று சுற்றுலாப் பயணிகள் சொல்லித் தெரியும். அதே கூரையின் கீழே இன்னும் இருவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்பதும், ஆண் உடலைப் பற்றி உலகத்துக்கு இன்று தெரிந்ததில் ஒரு முக்கியமான பகுதி அந்த இருவரிடமிருந்து தொடங்குகிறது என்பதும் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருவர் ரெய்னியர் டெ கிராஃப், மருத்துவர். மற்றவர் ஆண்டனி வான் லூவன்ஹாக். பள்ளிப் பாடத்தில் நுண்ணோக்கியோடு வருவாரே, அவரேதான். தொழிலால் துணி வணிகர்.

இவர்களுக்கு முன்னால் இரண்டாயிரம் வருடங்கள் ஆண் உடலைப் பற்றிச் சொல்லப்பட்டவை பெரும்பாலும் ஊகம்தான். விந்தகங்களுக்கு விந்தை உண்டாக்கும் வேலை இல்லை என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். தறியில் நூல் விறைப்பாக நிற்பதற்காகப் பெண்கள் கல் கட்டித் தொங்கவிடுவார்களே, அதுபோல உள்ளே இருக்கும் குழாய்களை இழுத்துப் பிடிக்கும் எடைக்கற்களே அவை என்றார். ஆண் தருவது வடிவம், பெண் தருவது வெறும் மூலப்பொருள் என்றும் சொன்னார். பெண்ணுக்கும் விந்து உண்டு என்று வாதிட்ட காலென் இதில் அவரைவிடப் பெருந்தன்மையானவர். நம் பக்கத்தில் மனு சாஸ்திரம் ஆணை விதை என்றது, பெண்ணை நிலம் என்றது. தமிழில் விரை என்ற சொல்லுக்கு விதை என்றும் பொருள், விந்தகம் என்றும் பொருள். உவமை மொழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டால் அதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. விதை எப்போதும் நல்ல விதை. விளையாவிட்டால் குற்றம் நிலத்தினுடையது.

டெ கிராஃப் 1668-இல் ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயதுகூட நிரம்பியிருக்காது. விலங்குகளின் விந்தகங்களை அறுத்து, உள்ளே இருப்பது சதைக்கட்டி அல்ல, மடித்து மடித்துச் சுருட்டி வைத்த நுண்ணிய குழல்கள் என்று பிரித்துக் காட்டினார். விந்து அங்கேதான் உருவாகிறது என்றார். அரிஸ்டாட்டிலின் தறிக்கல் நூற்கண்டாக மாறியது. நான்கு வருடம் கழித்துப் பெண்ணின் உறுப்புகளைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு, முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் ஒருவர் இதுவரை யாரும் செய்யாத அளவுக்கு நல்ல நுண்ணோக்கிகள் செய்கிறார் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஊர்க்காரர்தான் லூவன்ஹாக்.

லூவன்ஹாக்கின் கருவிகளில் சிலவற்றை லெய்டனில் புர்ஹாவ அருங்காட்சியகத்தில் பார்த்தேன். கட்டைவிரல் நீளத்தில் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மிளகைவிடச் சிறிய ஒரு கண்ணாடி மணி, பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசி. அவ்வளவுதான். நூலின் தரம் பார்க்கத் துணி வணிகர்கள் லென்ஸ் வைத்திருப்பது வழக்கம். இவர் அந்த லென்ஸைக் கொண்டு குளத்து நீரைப் பார்த்தார், பிறகு மிளகு ஊறிய தண்ணீரைப் பார்த்தார். லத்தீன் தெரியாது. தன் வட்டார டச்சு மொழியிலேயே கடிதம் எழுதினார்.

1677-இல் யோஹன் ஹாம் என்ற மருத்துவ மாணவர் லெய்டனிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியோடு அவரைத் தேடி வந்தார். மேகநோய் கண்ட ஒருவரின் விந்து அதில் இருந்தது. அதில் வாலுள்ள சிறு உயிர்கள் நீந்துவதாக மாணவர் சொன்னார். நோயால் அழுகி உண்டானவை என்று அவர் கருதினார். லூவன்ஹாக் அதோடு விடவில்லை. நோயில்லாத ஒருவனின் விந்தைப் பார்க்க வேண்டும் என்று தன்னுடையதையே எடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறு முறை நாடி துடிப்பதற்குள் அதை லென்ஸுக்குக் கீழே வைத்ததாகச் சொல்கிறார். பெருமணல் ஒன்றின் அளவுக்குள் பத்து லட்சம் அடங்கும் சிறு உயிர்கள், உடலைப்போல ஐந்தாறு மடங்கு நீளமான மெல்லிய வால், பாம்பைப்போல நெளிந்து முன்னேறும் ஓட்டம். கூடவே ஒரு விளக்கமும் கொடுக்கிறார்: பாவமான வழியில் தன்னைக் கெடுத்துக்கொண்டு எடுத்ததல்ல, மனைவியோடு கூடியதன் மிச்சம். படிப்பவர்களுக்கு இது அருவருப்பாகத் தோன்றினால் வெளியிடாமல் விட்டுவிடலாம் என்றும் கேட்டுக்கொள்கிறார். கடிதம் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு அச்சானது.

இதை முதல் முறை படித்தபோது என் பனியனுக்குள் இருந்த குப்பி நினைவுக்கு வந்தது. அவருக்கு ஆறு நாடித்துடிப்பு, எனக்கு ஒரு மணி நேரம். அவருக்கும் கூச்சம் இருந்திருக்கிறது. ஆனால் அடுத்தவருடையதைப் பார்த்த கையோடு தன்னுடையதையும் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. படுக்கையிலிருந்து அவர் எழுந்து ஓடியபோது அவருடைய இரண்டாம் மனைவி கொர்னேலியா என்ன நினைத்தார் என்பதும் எனக்கு ஆர்வமாகத்தான் இருந்தது. அவருடைய குரல் நம்மை வந்தடையவில்லை.

என்னைப் போன்ற கணினிக்காரனுக்கு லூவன்ஹாக்கைப் பிடித்துப்போக இன்னொரு காரணமும் உண்டு. அவருக்கு எதையும் எண்ணியாக வேண்டும். 1679-இல் ஒரு காட் மீனின் விந்தில் 15,000 கோடி உயிரணுக்கள் இருக்கும் என்று மதிப்பிட்டார். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, ஹாலந்தின் பரப்பையும் மக்கள்தொகையையும் வைத்துக்கொண்டு பூமி முழுக்க எத்தனை பேர் வாழக்கூடும் என்று பெருக்கினார். கிடைத்த விடை 1,338 கோடியே 50 லட்சம். ஒரு மீனின் வயிற்றில் இருப்பது அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு உவமையை உடைக்கவில்லை. இன்னும் இறுக்கியது. ஓடுகிற, உயிருள்ள ஒன்றைப் பார்த்துவிட்டதும், குழந்தை முழுவதும் ஆணிடமிருந்தே வருகிறது, கருப்பை அதற்குச் சோறு போடும் இடம் மட்டுமே என்று லூவன்ஹாக் உறுதியாக நம்பினார். தன்னை உலகுக்கு அறிமுகம் செய்த டெ கிராஃப் முட்டையைப் பற்றி எழுதியதை அவர் ஏற்கவே இல்லை. 1694-இல் ஹார்ட்சூக்கர் என்ற இன்னொரு டச்சுக்காரர் விந்தணுவின் தலைக்குள் குறுகி உட்கார்ந்த ஒரு குட்டி மனிதனை வரைந்தார். அவர் அதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, இப்படி இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனாலும் படம் நிலைத்துவிட்டது.

உண்மை தெரிய மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்குச் சின்னக் காற்சட்டை தைத்து மாட்டி, விந்து முட்டையைத் தொடாமல் கரு உண்டாகாது என்று காட்டினார். விந்தணுக்கள்தான் காரணம் என்பதை மட்டும் அவரும் நம்பவில்லை. 1827-இல் பாலூட்டிகளின் முட்டையைக் கண்டுபிடித்த வான் பேயர், விந்தணுக்களை ஒட்டுண்ணிகள் என்றே கருதினார். 1876-இல்தான் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் ஒன்றாகக் கலப்பதைப் பார்த்து எழுதினார். ஒன்று ஆணிடமிருந்து, ஒன்று பெண்ணிடமிருந்து. விதையும் இல்லை, நிலமும் இல்லை. இரண்டு பாதிகள்.

*

ஆய்வகத்தின் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. மில்லி லிட்டருக்கு 40 லட்சம் விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனம் அப்போது வைத்திருந்த கீழ் எல்லை 150 லட்சம்.

மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரைந்து காட்டினார். பத்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் "இந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போன பக்கத்தை நாற்பதை நெருங்கும் வயதில், டச்சு மொழியில் படித்தேன். மணிப்பாயில் மருத்துவராக இருந்த அமெரிக்கர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், கிரேயின் உடற்கூற்று நூல் உள்ளிட்டவற்றைத் தழுவி 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் 1872-இலேயே அச்சிட்டுவிட்டார். தமிழில் மருத்துவம் கற்பித்தவர் அவர். மொழியில் சொல் இல்லை என்று நாம் சாக்கு சொல்ல முடியாது.

தாளில் மருத்துவர் வரைந்தது இதுதான். விந்தகத்துக்குள் சுருண்டு கிடக்கும் குழல்களை நீட்டினால் சில நூறு மீட்டர் வரும். அவற்றின் சுவரில் ஒரு விந்தணு தொடக்கத்திலிருந்து முழு வடிவம் பெற ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். "இன்று நீங்கள் கொண்டுவந்தது அக்டோபரில் தொடங்கிய வேலை" என்றார். அதனால்தான் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்களாம். இரவில் ஓடவிட்டு மறுநாள் விடை பார்க்கும் எங்கள் கணினி வேலைகளைப்போல. நலமான ஆணுக்கு நொடிக்கு ஆயிரத்தை ஒட்டி உற்பத்தி நடக்கிறது. அங்கிருந்து வெளியேறும்போது விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. விந்தகத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற ஆறு மீட்டர் நீளக் குழலைக் கடக்கும் நாள்களில்தான் அது முதிர்கிறது. பிறகு விந்து நாளம் வழியாக மேலேறி உடலுக்குள் போகிறது. விந்துப்பைகள் சர்க்கரை கலந்த திரவத்தைச் சேர்க்கின்றன, ப்ராஸ்டேட் சுரப்பி தன் பங்கைச் சேர்க்கிறது. வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். விந்தணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் கீழே. ஆகவே கண்ணால் பார்த்து, அளவைப் பார்த்து, ஒன்றும் சொல்ல முடியாது. எண்ணினால்தான் தெரியும்.

இந்தத் தொழிற்சாலை உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த சூட்டில்தான் சரியாக ஓடும். அதற்காகத்தான் வெளியே தொங்குகிறது. குளிரில் தசை சுருங்கி மேலே இழுத்துக்கொள்ளும், வெப்பத்தில் தளர்த்தும். யானைக்கு இந்த விதி இல்லை, அதற்கு உள்ளேயே இருக்கிறது. எனக்கு இடப்பக்கத்து ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன. இடப்பக்க ரத்தக்குழாய் நேராகச் சிறுநீரகத்தின் குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் அங்கே ரத்தம் தேங்குவது எளிது. தேங்கினால் சூடு. ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது உண்டாம், பலருக்கு அதனால் தொல்லையே இல்லை. "உங்கள் எண்ணிக்கைக்கு இது காரணமாக இருக்கலாம்" என்றார். அறிக்கையில் இன்னொரு வரியைக் காட்டினார். வடிவம் சரியாக உள்ளவை நூற்றில் நான்கு இருந்தாலே இயல்பு. பொதுவாக ஆண்களுக்குப் பெரும்பாலானவை கோணல்தான்.

அறையை விட்டு வெளியே வந்ததும் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப எனக்கு எடுத்த அத்தனை டெஸ்டும் எதுக்கு?"

என்னிடம் பதில் இல்லை.

*

நான் எதற்குப் பயந்தேன் என்று அந்த வாரம்தான் உட்கார்ந்து யோசித்தேன். எண்ணிக்கை குறைந்தால் ஆண்மையும் குறைந்துவிடும் என்று உள்ளுக்குள் நம்பியிருக்கிறேன். எங்கே கற்றேன்? ஊரில் பேருந்து நிலையச் சுவரெல்லாம் "ஆண்மைக் குறைவா?" என்று கேட்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொலைக்காட்சியில் வைத்தியர்கள் இளைஞர்களைத் திட்டுவார்கள். ஹாஸ்டலில் நாங்கள் அவர்களைப்போலப் பேசிக்காட்டிச் சிரிப்போம். சிரித்தவர்களில் பாதிப்பேர் பயந்தும் இருந்தோம். பிள்ளை இல்லாததும் ஆண்மை இல்லாததும் அந்தச் சுவர்களில் ஒரே நோய்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. தாத்தா காளைக்குக் காயடித்ததைப் பார்த்திருக்கிறேன். காயடித்த காளை கன்று தராது, முட்டவும் வராது. இரண்டும் சேர்ந்தே போய்விடுவதால், இரண்டும் ஒன்றே என்று உலகம் முழுக்க நினைத்தார்கள். பிரித்துப் பார்க்க ஆறு சேவல்கள் தேவைப்பட்டன. ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெர்டோல்ட் என்ற பேராசிரியர் 1849-இல் இளம் சேவல்களின் விந்தகங்களை எடுத்தார். எடுத்தபடி விட்டவை கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டையிடாமல் வளர்ந்தன. சிலவற்றுக்கு விந்தகத்தை வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்துத் தைத்தார். பழைய நரம்பும் குழாயும் இல்லை. ஆனாலும் அவை சிவந்த கொண்டையோடு கூவிச் சண்டைக்கு நின்றன. விந்தகம் ரத்தத்துக்குள் ஏதோ ஒன்றை அனுப்புகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அனுப்புவது யார் என்பது பிறகு தெரிந்தது. குழல்களுக்கு இடைப்பட்ட இடத்தில் இருக்கும் செல்களை 1850-இல் லீடிக் விவரித்தார். குழல்களுக்கு உள்ளே வளரும் விந்தணுக்களைத் தாங்கிப் பேணும் செல்களை 1865-இல் செர்டோலி விவரித்தார். ஒரே வீட்டில் இரண்டு பட்டறைகள். 1903-இல் பிரான்சில் புவான், ஆன்சல் இருவரும் விந்து நாளத்தைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். விந்தணுக்களை உண்டாக்கும் செல்கள் அழிந்த பிறகும் விலங்கின் ஆண் தன்மைகள் அப்படியே இருந்தன. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கரின் ஆய்வுக்குழு காளைகளின் விந்தகங்களிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டது. 100 கிலோவிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம். மீசை, குரல், தசை, ஆசை எல்லாம் அந்தப் பட்டறையின் வேலை. குழந்தைக்கான விந்தணு பக்கத்துப் பட்டறையின் வேலை. ஒன்றில் வேலை குறைந்தாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கலாம். எனக்கு டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது.

இது தெரியாமல் போனதன் விலையை இந்தியாவில் எண்ணாலேயே காட்டலாம். ஆணின் கருத்தடை என்பது அந்த விந்து நாளத்தை வெட்டிக் கட்டுவது மட்டும்தான். இரண்டு பட்டறையும் அப்படியே இருக்கும், திரவத்தின் அளவுகூடக் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77-இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இதைச் செய்தார்கள், பலருக்குக் கட்டாயப்படுத்தி. அந்தக் கொடுமையின் நினைவும் ஆண்மை போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் பெண்களில் 37.9 விழுக்காடு, ஆண்களில் 0.3 விழுக்காடு. பிள்ளை வேண்டும் என்றாலும் அவள் வயிறு, போதும் என்றாலும் அவள் வயிறு.

*

இதை நம் ஊர்க் குறை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1884-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பணக்கார வணிகரின் மனைவிக்குக் குழந்தை இல்லை. மருத்துவப் பேராசிரியர் பான்கோஸ்ட் அந்தப் பெண்ணை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தார். குறை ஒன்றும் கிடைக்காத பிறகே கணவனைப் பார்த்தார். இளமையில் வந்த மேகநோயால் அவருடைய விந்தில் ஓர் அணுகூட இல்லை. பான்கோஸ்ட் அந்தப் பெண்ணுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கி, தன் மாணவர்களில் அழகானவர் என்று தேர்ந்தெடுத்த ஒருவரின் விந்தைச் செலுத்தினார். ஆண் குழந்தை பிறந்தது. கணவருக்குப் பிறகு சொன்னார்கள். மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். 1909-இல் அன்றைய மாணவர் ஒருவர் மருத்துவ இதழில் எழுதித்தான் விஷயம் வெளியே வந்தது. ஓர் ஆணின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதை மறைக்க, ஒரு பெண்ணின் உடலையே அவளிடமிருந்து மறைத்தார்கள்.

விந்தணுக்களைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்ட கண்ணாடியில் எண்ணிக் குழந்தையின்மையோடு பொருத்திப் பார்க்கும் வழக்கம், 1929-இல் மகோம்பர், சாண்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய பிறகே பரவியது. எல்லா நாடுகளும் ஒரே முறையில் எண்ணுவதற்கான கையேட்டை உலக சுகாதார நிறுவனம் 1980-இல் வெளியிட்டது. எண்ணத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: குழந்தை இல்லாத இணைகளில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கு இருக்கிறது, ஐந்தில் ஒன்றில் ஆண் மட்டுமே காரணம். தமிழ் அகராதியில் மலடன் என்ற சொல் இருக்கிறது. யாராவது யாரையாவது பார்த்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மலடி என்ற சொல் எல்லா வீட்டிலும் ஒலித்திருக்கிறது.

எங்களுக்கு இருந்த வழி, 1992-இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த முறை. முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் நேரடியாகச் செலுத்துவது. கோடிகள் தேவையில்லை, ஒன்று போதும். அற்புதம்தான். ஆனால் அந்த ஒன்றுக்கான முட்டைகளைப் பெற, தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவள் அவள். ஊசியால் குத்தி முட்டை எடுக்கப் படுக்க வேண்டியவளும் அவள். குறை எனக்கு, ஊசி அவளுக்கு. நான் மறுபடியும் ஒரு குப்பி கொடுத்தேன். நெதர்லாந்தின் அடிப்படைக் காப்பீடு மூன்று முயற்சிகளுக்குப் பணம் தரும். மூன்றும் கைகூடவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு, "போதும்" என்று அவள் சொன்னாள். போதும் என்று சொல்லும் உரிமை அவளுடையதுதான்.

முடிவு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அம்மா, குறை அவகிட்ட இல்ல, என்கிட்டதான்." நீண்ட அமைதி. பிறகு அம்மா கேட்டாள்: "அவங்க வீட்டுக்குத் தெரியுமா? யார்கிட்டயும் சொல்லாத தம்பி." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான்கு வருடம் நானும் அதையேதான் செய்திருந்தேன். மறு வாரம் அம்மா என் மனைவியைக் கூப்பிடச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை. அடுத்து ஊரிலிருந்து வந்த நண்பரிடம் திருக்கருகாவூர் நெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு சீட்டு, என் பெயருக்கு. "நீயும் சாப்பிடு." சாப்பிட்டேன். ஒத்துக்கொண்டது.

போன வருடம் ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த தூரத்து அத்தை என் மனைவியிடம், "ஏம்மா, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்றார். அவள் வழக்கம்போலச் சிரிக்க வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எனக்கு விந்தணு குறைவு அத்தை. அவளுக்கு ஒண்ணும் இல்ல." சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். அத்தை இலையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெரியப்பா தண்ணீர் குடித்தார். பிறகு யாரோ பாயசம் கேட்டார்கள்.

அன்று இரவு பதினொரு மணி இருக்கும். அக்கா மகனிடமிருந்து போன். அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அவன் மனைவி ஏற்கனவே இரண்டு மருத்துவர்களைப் பார்த்துவிட்டாள் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா, சொல்லு."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் தெருநாய் குரைப்பது கேட்டது. மாடியில் நின்று பேசுகிறான்போல.

"அந்த டெஸ்ட் எங்க எடுக்கறது மாமா?"